எந்த வைஃபை சிப் என்பது சீலிங் ஃபேனுக்குத் தெரியாது

ஸ்மார்ட் சீலிங் ஃபேன் ஒன்றின் மூடியைக் கழற்றினால், கட்டுப்பாட்டு போர்டின் ஓரத்தில் 24 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டி போர்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே தகர மூடி, ஒரு முனையில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடு, அதுதான் ஆன்டெனா. அந்த ஃபேனில் வைஃபை என்று இருப்பது அவ்வளவுதான். மோட்டாரைச் சுற்றவைப்பது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, ரிமோட் சொல்வதைக் கேட்பது, பீப் என்று சத்தம் போடுவது எல்லாம் பெரிய போர்டில் உட்கார்ந்திருக்கும் வேறொரு மைக்ரோகண்ட்ரோலரின் வேலை. பல ஸ்மார்ட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன்கள் இப்படித்தான். குட்டி போர்டைப் பெயர்த்தெடுத்துவிட்டாலும் ரிமோட்டில் ஃபேன் ஓடும்.

"ஃபேனை ஹேக் செய்வது" என்று பேச்சு வரும்போது நிறையப் பேர் நினைப்பது மோட்டார் ஓட்டும் மென்பொருளையே மாற்றுவதாக. அப்படி இல்லை. மோட்டார் பக்கம் யாரும் கை வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. மாற்றுவது செய்தி கொண்டுபோகும் தபால்காரரை மட்டும்.

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. போனில் ஆப்பைத் திறந்து வேகத்தை மாற்றினால், போனும் ஃபேனும் ஒரே அறையில் இருந்தாலும் ஃபேனின் கணக்கு, சாவி, ஷெட்யூல், குரல் கட்டளை எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த சர்வர் நின்றுபோனால்? கற்பனையாகச் சொல்லவில்லை. ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் ஹப்பை 2014இல் வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. சீலிங் ஃபேன் பத்துப் பதினைந்து வருடம் ஓடும் சாமான், ஆப் கம்பெனி அத்தனை வருடம் இருக்குமா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

சரி, உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று பார்ப்போம். பல பிராண்டுகளின் ஸ்மார்ட் ஃபேன்களுக்குள் இருப்பது டூயா என்ற சீன நிறுவனத்தின் மாட்யூல். ஃபேன் தயாரிப்பவருக்கு வைஃபை பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை என்பதே இவர்கள் விற்கும் சரக்கு. மாட்யூல், ஆப், சர்வர் மூன்றையும் டூயா தருகிறது, ஃபேன்காரர் தன் மைக்ரோகண்ட்ரோலரை மாட்யூலோடு இரண்டு ஒயரில் இணைத்துவிட்டால் போதும். ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. சாதாரண சீரியல் இணைப்பு, வேகம் பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட், சில மாடல்களில் 115200.

அந்த இரண்டு ஒயரில் ஓடும் மொழி இதுதான். எந்தச் செய்தியும் பதினறும எண்ணில் 55 ஏஏ என்ற இரண்டு பைட்களில் தொடங்கும், பதின்ம எண்ணில் 85, 170. அப்புறம் பதிப்பு எண் ஒரு பைட், கட்டளை எண் ஒரு பைட், பின்னால் வரும் தகவலின் நீளம் இரண்டு பைட், பிறகு தகவல், கடைசியில் சரிபார்ப்பு பைட். ஃபேனை ஆன் செய்ய மாட்யூல் அனுப்புவதை அப்படியே எழுதினால் 85, 170, 0, 6, 0, 5, 1, 1, 0, 1, 1, 14. ஆன்/ஆஃப், வேகம் என்று ஃபேனில் மாற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அதைப் புள்ளி என்பார்கள். இதில் 6 என்பது "இந்தப் புள்ளியின் மதிப்பை மாற்று" என்ற கட்டளை. 0, 5 என்றால் தகவல் ஐந்து பைட். அந்த ஐந்தில் முதல் 1 எந்தப் புள்ளி என்பது, அடுத்த 1 அது ஆன்/ஆஃப் வகை என்பது, 0, 1 மதிப்பின் நீளம், கடைசி 1 ஆன். 14 எங்கிருந்து வந்தது? முன்னால் இருக்கும் பதினொன்றையும் கூட்டினால் 270, அதை 256ஆல் வகுத்தால் மீதி 14. இவ்வளவுதான் சரிபார்ப்பு. ரகசியச் சாவி கிடையாது, குறியாக்கம் கிடையாது, யார் அனுப்புகிறார் என்ற விசாரணை கிடையாது. வீட்டு வைஃபையில் போகும்போது எல்லாம் பூட்டிப் போகிறது, போர்டுக்குள் வந்ததும் திறந்த கடிதம்.

அந்தப் பக்கத்திலிருந்தும் செய்தி வரும். யாராவது ரிமோட்டை அழுத்தினால் மைக்ரோகண்ட்ரோலர் 7ஆம் கட்டளையில் "வேகம் இப்போது இது" என்று மாட்யூலுக்குச் சொல்கிறது. இது பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் இந்த வேலைக்கே முக்கிய லாபம் இதுதான் என்பேன். ஐஆர் அல்லது ஆர்எஃப் பிளாஸ்டர் வைத்து ரிமோட் சிக்னலைப் போலச் செய்து ஃபேனை ஓட்டுபவர்களுக்கு ஃபேன் நிஜமாக ஓடுகிறதா, எந்த வேகம் என்பது தெரியாது, ஊகம்தான். சீரியலில் பேசினால் ஃபேனே சொல்லிவிடும்.

இப்போது அந்தக் குட்டி போர்டின் வரலாற்றுக்கு வரலாம், மாற்றும் வசதி வந்தது இதில்தான். ஆரம்பத்தில் டூயா பயன்படுத்தியது எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சிப். 2014இல் மலிவாக வந்து, வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எல்லாரும் கையிலெடுத்த சிப் அது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் டூயா சாதனங்களின் பாதுகாப்பு எவ்வளவு தளர்வு என்று மேடையேற்றிக் காட்டினார்கள், அதையொட்டி டூயா கன்வெர்ட் என்ற கருவியும் வந்தது. சோல்டரிங் எதுவும் இல்லாமல் காற்றிலேயே, அதாவது வைஃபை வழியாகவே, புது ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்றிவிடலாம். அந்தப் பொற்காலம் நீடிக்கவில்லை. டூயா ஓட்டையை அடைத்தது, பிறகு சிப்பும் மாறியது. ரியல்டெக் வந்தது, பீக்கன் நிறுவனத்தின் பிகே7231டி, பிகே7231என் வந்தன.

சிப் மாறியும் மாட்யூலின் உருவம் மாறவில்லை. டபிள்யூபி3எஸ், சிபி3எஸ் போன்ற பீக்கன் மாட்யூல்களை இஎஸ்பி8266 சிப் உள்ள இஎஸ்பி-12 மாட்யூல் மேல் வைத்துப் பார்த்தால் அதே அளவு, அதே இடைவெளியில் பக்கத்துக்கு எட்டுக் கால்கள், கீழே இரண்டு மூலையில் மின்சாரமும் கிரவுண்டும், மேலே ஒரு பக்கத்தில் சீரியல் இரண்டும். ஏன் அப்படி என்றால், ஃபேன்காரர்கள் ஏற்கெனவே போர்டு வடிவமைத்து அச்சடித்துவிட்டார்கள், சிப்பை மாற்றினோம் நீங்களும் போர்டை மாற்றுங்கள் என்றால் யார் கேட்பார்? டூயா தன் வியாபார வசதிக்காகக் காப்பாற்றிய ஒற்றுமைதான் நமக்குக் கதவு. பீக்கன் மாட்யூலைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் ஒரு இஎஸ்பி-12ஐ உட்கார வைத்தால், ஃபேனின் மைக்ரோகண்ட்ரோலருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனாலும் எடுத்ததும் சோல்டரிங் அயர்னைச் சூடேற்ற வேண்டாம். அதற்கு முன்னால் சில படிகள் இருக்கின்றன. லோக்கல் டூயா மாதிரியான வழிகளில் சாதனத்தின் உள்ளூர்ச் சாவியை ஒரு முறை டூயா கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும், அப்புறம் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டிலேயே ஓடும் ஸ்மார்ட் ஹோம் மென்பொருள்) வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே 6668ஆம் போர்ட்டில் ஃபேனோடு பேசும். எதையும் கழற்ற வேண்டியதில்லை. சிக்கல், ஃபேனை மறுபடி இணைத்தால் சாவி மாறிவிடும், அப்போது திரும்ப அந்தக் கணக்கின் வாசலில் நிற்க வேண்டும். அடுத்தது டூயா கிளவுட்கட்டர், பீக்கன் சிப்களுக்கு 2022இல் வந்தது, இதுவும் காற்றில் ஏற்றுவது, ஆனால் ஓட்டை அடைக்கப்பட்ட புதிய ஃபர்ம்வேரில் வேலை செய்யாது. மூன்றாவது, மாட்யூலைப் பெயர்க்காமல் அதிலேயே ஒயர் பிடித்து திறந்த ஃபர்ம்வேர் ஒன்றை எழுதுவது, ஓப்பன்பீக்கனையோ, லிப்ரேடைனி என்ற இடைத்தளம் வழியாக இஎஸ்பிஹோமையோ. 2023.9 பதிப்பிலிருந்து இஎஸ்பிஹோம் பீக்கன் சிப்பை நேரடியாகவே ஏற்கிறது, அதனால் "இஎஸ்பி இருந்தால்தான் திறந்த மென்பொருள்" என்ற பழைய பேச்சு இப்போது செல்லாது.

அப்படியென்றால் மாட்யூலையே மாற்றுவது எதற்கு? என் கணக்கில் ஒரே வலுவான காரணம்தான் உண்டு, பழைய மாட்யூல் அப்படியே கையில் இருக்கும். அதில் கம்பெனி ஃபர்ம்வேர் கலையாமல் இருக்கும், ஃபேனை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் திரும்ப ஒட்டிவிடலாம். புது மாட்யூலில் 4 மெகாபைட் ஃப்ளாஷ் இருப்பதும் கூடுதல் வசதி, அப்டேட் போடும்போது பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க இடம் வேண்டுமே. இதெல்லாம் பொருட்டில்லை என்றால் மூன்றாவது வழியே போதும், தாராளமாகப் போங்கள்.

மாற்றுவதென்று முடிவானால் இஎஸ்பி-12எஸ் வாங்குவது உத்தமம். இஎஸ்பி-12எஃப் என்றால் இரண்டு ரெசிஸ்டர் நாமே போட வேண்டும்: எனேபிள் காலிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், ஜிபிஐஓ15 என்ற காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம். ஜிபிஐஓ15 கீழே இழுக்கப்படாவிட்டால் சிப் பூட் ஆகாது, மாட்யூல் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குபவர்களும் உண்டு. 12எஸ்ஸில் இவை உள்ளேயே இருக்கின்றன. 12எஃப்பின் கீழ் ஓரத்தில் கூடுதலாக ஆறு கால்கள் இருக்கும், அவை ஃப்ளாஷ் மெமரிக்கானவை, அவற்றின் மேல் ஈயம் படக் கூடாது, போர்டில் அடியில் வேறு பேட் இருந்தால் இடையில் ஒரு துண்டு காப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) போட்டுவிடுங்கள். ஃபர்ம்வேரை ஒட்டுவதற்கு முன்பே, கையில் தனியாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒட்டிய பிறகு எழுதப் பார்த்தால் அதே சீரியல் ஒயரில் ஃபேனின் மைக்ரோகண்ட்ரோலரும் பேசிக்கொண்டிருக்கும், இரண்டும் மோதும். முதல் முறை எழுதியாகிவிட்டால் அடுத்த அப்டேட்கள் எல்லாம் வைஃபையில்தான். பழைய மாட்யூலைப் பெயர்க்க ஹாட் ஏர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் ஈயக் கலவையைக் கால்களின் மேல் தடவி எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கி நகர்த்துங்கள். அவசரப்பட்டு நெம்பினால் போர்டிலிருந்து செம்பு பேட் உரிந்துகொண்டு வரும், அதன்பின் மெல்லிய ஒயர் பிடித்து ஒட்டுப் போட வேண்டியதுதான்.

இதையெல்லாம் விட முக்கியம் மின்சாரம். ஃபேன் போர்டுகளில் செலவைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை வைப்பது வழக்கம். 230 வோல்ட் ஏசியை நேராக டயோடில் நேராக்கினால் கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசி, அதிலிருந்தே 3.3 வோல்ட் வரை இறக்குகிறார்கள், இடையில் தனிமைப்படுத்தல் எதுவும் இல்லை. அதாவது போர்டில் கிரவுண்ட் என்று அச்சடித்திருக்கும் புள்ளியிலேயே மெயின்ஸ் மின்சாரம் இருக்கலாம். ஃபேனுக்கு மின்சாரம் ஓடும்போது யுஎஸ்பி சீரியல் அடாப்டரை அதில் மாட்டினால் அடாப்டர் போகும், கம்ப்யூட்டர் போகும், ஆளும் போகலாம். லேப்டாப் பேட்டரியில்தானே ஓடுகிறது என்ற சமாதானம் இங்கே உதவாது, அதன் உலோக உடம்பைத் தொடுவது நீங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய மின்தேக்கியில் மிச்சம் தங்கும், மல்ட்டிமீட்டர் வைத்து அளந்து இறங்கியதை உறுதி செய்த பிறகே கை. சீரியலைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் போர்டை மெயின்ஸிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டு, மைக்ரோகண்ட்ரோலருக்குரிய தாழ் மின்னழுத்தத்தை மட்டும் வெளியிலிருந்து கொடுங்கள். மோட்டார் சுற்றாது, ஆனால் பல போர்டுகளில் மைக்ரோகண்ட்ரோலர் பேசும், நமக்கு அது போதும். மெயின்ஸ் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் லோக்கல் டூயாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மின்சாரத்திலேயே இன்னொரு சில்லறைத் தொல்லை உண்டு. இஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும் கணத்தில் சட்டென்று 300 மில்லிஆம்பியருக்கு மேலும் இழுக்கும். போர்டில் 3.3 வோல்ட் தரும் ரெகுலேட்டர் இழுத்துப் பிடித்து வடிவமைக்கப்பட்டிருந்தால் மின்னழுத்தம் தொப்பென்று இறங்கி சிப் ரீஸ்டார்ட் ஆகும். இது எப்போதும் நடக்காது, சிக்னல் மோசமாகி மறுபடி மறுபடி அனுப்பும்போது நடக்கும், அதனால் கண்டுபிடிக்கக் கஷ்டம். மாட்யூலின் மின்சாரக் கால்களுக்குப் பக்கத்திலேயே 100 முதல் 470 மைக்ரோஃபாரட் வரை ஒரு மின்தேக்கி வைத்தாலோ, இஎஸ்பிஹோம் அமைப்பில் வைஃபை அனுப்பும் திறனைக் கொஞ்சம் குறைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். ஆன்டெனா முனை உலோக மூடியை ஒட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பக்கம் ஆச்சரியமாகச் சுலபம். இஎஸ்பிஹோமில் டூயாவுக்கென்றே ஒரு பகுதி தயாராக இருக்கிறது, டாஸ்மோட்டா என்ற இன்னொரு ஃபர்ம்வேரிலும் இருக்கிறது, இரண்டும் திறந்த மூலம். இஎஸ்பிஹோம் என்றால் யாம்ல் என்ற அமைப்புக் கோப்பில் சீரியல் கால்கள் 1, 3, வேகம் 9600 என்று எழுதி, நடப்பதைப் பதிந்து காட்டும் லாகருக்குச் சீரியலைத் தர வேண்டாம் என்று அதன் வேகத்தை 0 ஆக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் லாக் செய்திகள் எல்லாம் ஃபேனின் மைக்ரோகண்ட்ரோலருக்குப் போய்க்கொண்டிருக்கும். பூட் ஆனதும் மாட்யூல் முதலில் நாடித்துடிப்புச் செய்தி அனுப்பும், மைக்ரோகண்ட்ரோலர் பதில் சொல்லும், இப்போதுதான் விழித்தேன் என்றால் 0, ஏற்கெனவே விழித்திருக்கிறேன் என்றால் 1. பிறகு "நீ என்ன சாதனம்", "உன்னிடம் என்னென்ன புள்ளிகள் இருக்கின்றன" என்று விசாரணை நடக்கும். பதில்கள் வைஃபை வழி வரும் லாகில் வரிசையாகத் தெரியும்: 1ஆம் புள்ளி ஆன்/ஆஃப், 3ஆம் புள்ளி எண், இன்னொன்று பட்டியல் வகை என்று. எது எதற்கு என்பதைக் கண்டுபிடிக்க ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எந்த எண் அசைகிறது என்று பார்த்தால் போதும். பல மாடல்களில் 1 ஆன்/ஆஃப், 3 வேகம், மற்றவை அவரவர் இஷ்டம். ஒரு சத்தமும் வரவில்லை என்றால் முதலில் 115200 போட்டுப் பாருங்கள், அப்புறம் அனுப்பும் காலும் வாங்கும் காலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில ஃபேன்கள் வேகத்தை 1 முதல் 6 வரை எடுத்துக்கொள்ளும், சில 1 முதல் 100 வரை. நூறு எதிர்பார்க்கும் ஃபேனுக்கு நாம் ஆறு படி என்று சொல்லிவிட்டால் முழு வேகத்தில் வைத்தாலும் அதற்குப் போவது 6 தான், இறக்கை சோம்பல் முறிப்பது போல அசையும். மோட்டார் பழுது என்று பயப்பட வேண்டாம், யாம்லில் படிகளின் எண்ணிக்கையை மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் ரீஸ்டார்ட் பயம். இஎஸ்பிஹோம் வழக்கமாக 15 நிமிடம் ஹோம் அசிஸ்டென்ட் தொடர்பில் இல்லாவிட்டால் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். நடுராத்திரி ரௌட்டர் படுத்தால் ஃபேன் நின்றுவிடுமா? மேலே சொன்ன வகை ஃபேனில் நிற்காது, வேகத்தை நினைவில் வைத்திருப்பது மைக்ரோகண்ட்ரோலர், தபால்காரர் மயங்கி விழுந்தால் அதற்கென்ன. மாட்யூலே நேரடியாக ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) இயக்கும் வகை ஒன்று உண்டு, பழைய இண்டக்ஷன் மோட்டார் ஃபேனுக்கான ஸ்மார்ட் ரெகுலேட்டர்களில் பார்க்கலாம், அங்கே கதை வேறு. சிப் ரீஸ்டார்ட் ஆனால் ரிலே விழும், ஃபேன் நிற்கும். அந்த 15 நிமிட அமைப்பை அதில் கட்டாயம் 0 ஆக்குங்கள். மேலும் அவற்றில் வேகம் என்பது மின்தேக்கிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான், 2.2 மைக்ரோஃபாரடும் 3.3 மைக்ரோஃபாரடும் இணையாகச் சேர்ந்தால் 5.5. நிரம்பிய மின்தேக்கியோடு காலி மின்தேக்கியைச் சட்டென்று இணைத்தால் அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டம் ரிலேயின் தொடுமுனைகளை ஒட்டிவைத்துவிடக்கூடும், அதனால் வேகம் மாற்றும்போது முதலில் எல்லா ரிலேயையும் திறந்து, ஒரு நொடிப்பொழுது விட்டு, பிறகு வேண்டியதை மூடும்படி எழுத வேண்டும். கம்பெனி ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த காரியம் இது, மாற்றிய பிறகு பொறுப்பு நம் தலையில்.

திறந்த மென்பொருள் என்று சொல்லும்போது ஒரு அடிக்குறிப்பும் சேர்க்க வேண்டும். இஎஸ்பி8266இல் வைஃபை ரேடியோவை ஓட்டும் அடித்தளக் குறியீடு எஸ்பிரெசிஃப் மூடிய வடிவில் தரும் பைனரிதான், பீக்கனிலும் அப்படியே. ஃபேனின் மைக்ரோகண்ட்ரோலரில் இருப்பதும் மூடியதே. நாம் திறந்தது நடுவில் இருக்கும் அடுக்கை மட்டும். ஆனால் யாரோடு பேசுவது, எந்த சர்வரைக் கூப்பிடுவது என்று முடிவெடுப்பது அந்த நடு அடுக்குதான், அதனால் நான் இதற்கு மேல் நிபந்தனை போடுவதில்லை.

எல்லா ஃபேனும் டூயா இல்லை. கழற்றிக் கேட்டால் 55 ஏஏ இல்லாமல் வேறு எதோ ஓடும் போர்டுகளும் இருக்கின்றன, சொந்த நெறிமுறை எழுதிய பிராண்டுகள். அங்கே ஒயரில் ஓடும் சிக்னலைப் பதியும் கருவியான லாஜிக் அனலைசரை இரண்டு ஒயரிலும் பிடித்து, ஒவ்வொரு வேகத்துக்கும் வரும் பைட்களைப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். செய்திகள் குட்டையாக, ஒவ்வொரு வேகத்துக்கும் ஓரிரு பைட் மட்டும் மாறினால் ஒரு மாலையில் பிடித்துவிடலாம். ஒரே பட்டனுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பைட் வந்தால் உள்ளே ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணோ குறியாக்கமோ இருக்கிறது. இன்னும் சிலவற்றில் ஒரே இஎஸ்பி32 சிப்தான் வைஃபையும் மோட்டார் பக்கமும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், வெளியார் ஃபர்ம்வேரை ஓட விடாத செக்யூர் பூட் வேறு போட்டிருப்பார்கள். பெயர்த்தால் மோட்டாரை ஓட்ட ஆளே இல்லை. அந்த மாதிரி ஃபேனை மூடித் திரும்ப மாட்டிவிட்டு, ஆர்எஃப் ரிமோட்டைப் போலச் செய்யும் வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.